சந்தாவா, திரையிடலா, டிஸ்க்கா: நான் ஏன் டிஸ்க்கில் நின்றேன்

உலக சினிமாவைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல் கொஞ்சம் ஆழமாகப் புரிந்துகொள்ள நினைப்பவருக்கு இன்று மூன்று வழிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. முபி மாதிரி இணையத்தில் படம் காட்டும் சந்தா தளம், ரசிகர்கள் சேர்ந்து நடத்தும் ஃபிலிம் சொசைட்டியின் திரையிடல், விளக்கவுரையோடு வரும் ப்ளூ-ரே டிஸ்க். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்துவிட்டுக் கடைசியில் டிஸ்க் வாங்கத் தொடங்கினேன்.

முபியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செலவு குறைவு, தேர்வு நன்றாக இருக்கும். பெயரே கேள்விப்படாத இயக்குநர்கள் பலர் எனக்கு அங்கேதான் அறிமுகமானார்கள். உரிமக் காலம் முடிந்ததும் படம் போய்விடும் என்பதுதான் குறை.

ஃபிலிம் சொசைட்டிக்கு நம் நாட்டில் பெரிய பாரம்பரியம் உண்டு. சத்யஜித் ராய் முதல் படம் எடுப்பதற்கு முன்பே, 1947இல், நண்பர்களோடு கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கிவிட்டார். சென்னையில் 2003 முதல் நடக்கும் சர்வதேசத் திரைப்பட விழாவும் அப்படியொரு அமைப்பின் முயற்சிதான். ஆனால் நான் திரையிடல்களுக்குப் போனது நாலைந்து முறைதான். வருடக்கணக்காகப் போகிறவர்கள் அதை வேறு மாதிரி எடைபோடக்கூடும்.

சரி, டிஸ்க்குக்கு வருவோம். படம் ஓட ஓட ஒரு ஆய்வாளர் கூடவே பேசிக்கொண்டு வரும் ஒலித்தடத்தைத்தான் விளக்கவுரை என்கிறேன். 1984இல் க்ரைட்டீரியன் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட ‘கிங் காங்’ லேசர் டிஸ்க்கில் (டிவிடிக்கு முந்தைய வடிவம்) திரைப்பட ஆய்வாளர் ரொனால்ட் ஹேவர் பேசியதிலிருந்து இந்த வழக்கம் தொடங்கியது.

விளக்கவுரையில் தகவல் கிடைக்கும் என்று நினைத்துத்தான் வாங்கினேன். தகவலும் கிடைத்தது. ஆனால் அதைவிடப் பெரிய லாபம், கண்ணுக்குக் கிடைத்த விடுதலை. பிறமொழிப் படம் பார்க்கும்போது நம் பார்வை பாதி நேரம் திரையின் அடியில், சப்டைட்டிலில்தான் கிடக்கிறது. விளக்கவுரையைப் போட்டால் சப்டைட்டிலை அணைத்துவிடலாம். கதை ஏற்கெனவே தெரியும், காதுக்கும் வேலை இருக்கிறது. கண் முழுச் சட்டகத்திலும் உலாவும்.

ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’யை (1953) முதலில் சப்டைட்டிலோடு பார்த்தேன். முடிவில் அந்தப் பெரியவர் தனியாக உட்கார்ந்திருப்பது மனதைப் பிசைந்தது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. அப்புறம் ஆய்வாளர் டேவிட் டெஸ்ஸரின் விளக்கவுரையோடு பார்த்தேன். தொடக்கத்தில் அந்தப் பெரியவரும் மனைவியும் அதே அறையில், ஒரே திசை பார்த்துப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பயணத்துக்கு மூட்டை கட்டுகிறார்கள். பக்கத்து வீட்டு அம்மா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துப் பேசுகிறார். முடிவிலும் அதே அறை, அதே ஜன்னல், அதே அம்மா. பெரியவருக்குப் பக்கத்து இடம் மட்டும் காலி. முதல் முறை அந்தக் காலி இடத்தை நான் பார்க்கவே இல்லை, கீழே வசனம் படித்துக்கொண்டிருந்தேன்.

இதற்காகவே மற்ற இரண்டையும் விட டிஸ்க்கைச் சொல்கிறேன். திரையிடலில் இப்படித் திரும்பிப் போக முடியாது. சந்தா தளத்தில் சப்டைட்டிலை அணைக்கலாம், ஆனால் துணைக்குக் குரல் பெரும்பாலும் இருக்காது.

சிரமங்களும் உண்டு. விளக்கவுரை ஆங்கிலத்தில்தான் வரும், அதற்கு எழுத்துவடிவம் பெரும்பாலும் இருக்காது. நான் நிறுத்தி நிறுத்தித்தான் கேட்கிறேன். விலையும் அதிகம்: ஒரு க்ரைட்டீரியன் ப்ளூ-ரே 39.95 டாலர். பாதி விலைத் தள்ளுபடி வரும்வரை காத்திருந்து, அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வரும் அத்தை மகனிடம் வாங்கி வரச் சொல்லிவிடுகிறேன்.

வாங்கும் முன் மண்டலக் குறியீட்டை, அதாவது எந்தப் பகுதியின் பிளேயரில் டிஸ்க் ஓடும் என்று காட்டும் எழுத்தை, கட்டாயம் பாருங்கள். அமெரிக்க ப்ளூ-ரே ‘ஏ’ மண்டலம், பிரிட்டன் ‘பி’, இந்தியா ‘சி’. இங்கே வாங்கிய சாதாரண பிளேயரில் ‘ஏ’ மண்டலத்துக்குப் பூட்டிய அமெரிக்க டிஸ்க் ஓடாது. எனக்கு முதல் டிஸ்க் இரண்டு மாதம் உறை பிரித்தபடி சும்மா கிடந்தது. எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் வாங்கிய பிறகுதான் பார்த்தேன். 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்குகளுக்கு இந்தப் பூட்டு கிடையாது, ஆனால் அதற்கு 4கே பிளேயர் வேண்டும். பிளேயரைத் தள்ளிப்போடாதீர்கள். சாம்சங் 2019லேயே அமெரிக்கச் சந்தையில் புது மாடல்களை நிறுத்திவிட்டது, கடைகளில் தேர்வு குறைந்துகொண்டே வருகிறது.