ரியல்டெக் லான் டிரைவர்: கடைக் கணினியில் மாத்தலாமா?

ஆர்டிஎல்8168 எண்ட ரியல்டெக் நெட்வொர்க் சிப் உள்ள பில்லிங் கணினிகளுக்கு, விண்டோஸ் தானாகப் போடுகிற டிரைவரே (சிப்பை இயக்குகிற மென்பொருள்) பெரும்பாலும் போதும். ஒழுங்காக ஓடுகிற மெஷினில் கை வைக்க வேண்டாம்.

லைன் விட்டு விட்டு வந்தால் முதலில் கேபிளைப் பாருங்கோ. ரவுட்டர் போர்ட் கிகாபிட் ஆக இருந்தும் 100 எம்பிபிஎஸ் எண்டு காட்டினால், பெரும்பாலும் கேபிளின் எட்டுக் கம்பியில் ஒண்டு விட்டிருக்கும். அதை எந்த டிரைவரும் திருத்தாது. அடுத்து டிவைஸ் மேனேஜரில் லான் சிப்பின் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் கிரீன் ஈதர்நெட், எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட் எண்ட மின்சேமிப்பு வசதிகள் இரண்டையும் நிப்பாட்டுங்கோ. பல இடத்தில் இதோடு சரி.

அதுக்கும் மசியாவிட்டால்தான் புது டிரைவர். பழையதை அன்இன்ஸ்டால் செய்தால் கையால் போட்ட ஐபி (நெட்வொர்க் முகவரி) அழிஞ்சுபோகும். நெட்வொர்க்கில் மாட்டின பில் பிரின்டர் பேசாமல் நிற்கலாம். ஐபி, கேட்வே, டிஎன்எஸ் மூன்றையும் முதலே எழுதி வையுங்கோ. பழைய டிரைவரும் பென்டிரைவில் இருக்கட்டும்: முந்தினது இல்லையெண்டால் பழைய டிரைவருக்குத் திரும்புகிற 'ரோல் பேக்' பட்டன் மங்கிக் கிடக்கும்.

வவுனியாவில் இருந்துகொண்டு முல்லைத்தீவுக் கடைக் கணினிக்கு ரிமோட்டில் இதைச் செய்வது வீண் துணிச்சல். டிரைவர் கழன்ற நொடியே உங்கட இணைப்பும் அறும். செய்யத்தான் வேணுமெண்டால், கடைக்காரரின் அன்ட்ரொய்ட் போனை யூஎஸ்பி டெதரிங்கில் (போனின் இணையத்தைக் கேபிள் வழியாகக் கணினிக்குக் கொடுப்பது) மாட்டச் சொல்லிப்போட்டுத் தொடங்குங்கோ.