விக்டோரியா காலத்து லண்டன் சுகாதார அறிக்கைகள்: இணையத்தில் ஓர் இலவசத் தொகுப்பு

லண்டனின் சுகாதார மருத்துவ அதிகாரிகள் 1848 முதல் 1972 வரை எழுதிய ஆண்டறிக்கைகளில் 5,500-க்கும் மேற்பட்டவற்றை வெல்கம் நூலகம் மின்வடிவமாக்கி, யாரும் கட்டணமின்றிப் படிக்கும்படி இணையத்தில் வைத்துள்ளது. விக்டோரியா காலத்து உள்ளாட்சி எப்படி நடந்தது என்பதைச் சட்டப் புத்தகங்களிலிருந்து அல்லாமல், அன்றாட வேலையிலிருந்து அறிய விரும்புவோருக்கு இதைவிட நல்ல வாசலை நான் கண்டதில்லை.

அறிக்கைகளுக்குள் நுழையுமுன் ஒரு சட்டத்தை அறிந்திருப்பது நல்லது. 1855-இல் இயற்றப்பட்ட பெருநகர நிர்வாகச் சட்டம், பெரிய பாரிஷ்களில் (தேவாலயப் பங்கை ஒட்டி அமைந்த உள்ளாட்சிப் பகுதிகளில்) வெஸ்ட்ரி எனப்படும் மன்றங்களிடமும், சிறிய பாரிஷ்களை இணைத்து அமைத்த வட்டார வாரியங்களிடமும் தெரு, வடிகால், குப்பை ஆகியவற்றின் பொறுப்பை ஒப்படைத்தது; ஒவ்வோர் அமைப்பும் ஒரு மருத்துவ அதிகாரியையும் சுகாதாரக் கேடுகளைக் கண்காணிக்கும் ஆய்வாளர்களையும் நியமித்தாக வேண்டும் என்றும் விதித்தது. பெரிய கழிவுநீர்க் கால்வாய்கள் தனியொரு பெருநகர வாரியத்தின் கையில் இருந்தன. கால்வாய் கட்டிய பொறியாளரின் புகழ் இன்றும் பேசப்படுகிறது. வீட்டுக்கு வீடு ஏறி இறங்கிய ஆய்வாளரை இந்த அறிக்கைகளில்தான் சந்திக்க முடியும்.

என்னை அதிக நேரம் பிடித்து நிறுத்தியவை பின்னிணைப்பு அட்டவணைகள். ஓராண்டில் சோதித்த வீடுகள், அனுப்பிய நோட்டீஸ்கள், மூடிய மலக்குழிகள், சீர்செய்த வடிகால்கள், கழுவிய தண்ணீர்த் தொட்டிகள், சுண்ணாம்பு அடித்த அறைகள், நகரத்தின் நடுவிலேயே இருந்த மாட்டுத் தொழுவங்கள் என்று வரிசை நீள்கிறது. பக்கத்திலேயே தட்டம்மை, கக்குவான் இருமல், செங்காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஆகியவற்றால் நேர்ந்த இறப்புகள் வயதுவாரியாக நிற்கின்றன. ஐந்து வயதுக்குட்பட்டோரின் கட்டத்தைக் கண்டுகொள்ளாமல் கடந்து செல்வது கடினம். குப்பைக் கணக்கிலும் ஒரு வியப்பு உண்டு. அன்றைய வீட்டுக் குப்பையில் பெரும்பங்கு நிலக்கரிச் சாம்பல். செங்கல் சூளைகளில் அதற்குத் தேவை இருந்தவரை, அதை அள்ளும் உரிமைக்காக ஒப்பந்தக்காரரே வெஸ்ட்ரிக்குப் பணம் கொடுத்த காலமும் உண்டு. தேவை குறைந்ததும் செலவு வெஸ்ட்ரியின் தலையில் விழுந்தது.

எனினும் இவற்றை அப்படியே நம்பிவிடக் கூடாது. மருத்துவருக்குச் சம்பளம் கொடுத்தது வெஸ்ட்ரி. அதன் உறுப்பினர்களில் கடைக்காரர்களும் வாடகை வீட்டுச் சொந்தக்காரர்களும் நிறையவே இருந்தனர். தம்மை வேலைக்கு வைத்தவரின் வீட்டு வடிகாலைப் பற்றி ஒருவர் எவ்வளவு வெளிப்படையாக எழுதிவிட முடியும்? சவுத்வார்க் பகுதியில் இப்பதவியை வகித்த வில்லியம் ரெண்டில் அதிலிருந்து விலகியபின், 1865-இல் வெஸ்ட்ரிகளின் சுகாதாரப் பணியைக் கடுமையாகச் சாடி எழுதினார். அதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், சில அறிக்கைகளில் மன்றத்தை விளித்து எழுதிய பணிவான வாக்கியங்களின் அடியில் ஓடும் சலிப்பு புலப்படும். எல்லா மருத்துவர்களும் ஒரே அளவில் எழுதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: சிலர் தெருத் தெருவாக விவரிக்கிறார்கள், சிலர் எண்களை அடுக்கிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள்.

புதிதாக வருபவர் ஏதேனும் ஒரு வட்டாரத்தைத் தேர்ந்துகொண்டு ஆண்டு வரிசையில் படிப்பதே சிறந்தது. நான் செயின்ட் ஜைல்ஸ் வட்டாரத்தைப் பரிந்துரைப்பேன்; அங்கு மருத்துவ அதிகாரியாகப் பணியாற்றிய ஜார்ஜ் புக்கானன் பின்னர் நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியாக உயர்ந்தவர். ஒரே ஒரு எச்சரிக்கை: 1899-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வெஸ்ட்ரிகளும் வட்டார வாரியங்களும் ஒழிந்து, 1900-இல் பெருநகர பரோக்கள் எனப்படும் 28 உள்ளாட்சிப் பகுதிகள் உருவாயின. எனவே அதற்குப் பிந்தைய அறிக்கைகளை செயின்ட் ஜைல்ஸ் என்று தேடாமல் ஹோல்பர்ன் என்றும், கிளார்கன்வெல்லுக்கு ஃபின்ஸ்பரி என்றும் தேட வேண்டும்.