68 வெள்ளி கைகர் கவுண்ட்டர்: மீனுக்கு உதவாது, விமானத்தில் அலறும்

ஜப்பான் மீனில் கதிரியக்கம் இருக்கிறதா என்று பார்க்க கைகர் கவுண்ட்டர் என்ற இந்தக் கதிரியக்கம் அளக்கும் கருவியை வாங்க நினைப்பவர்கள் 68 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) மிச்சம் பிடிக்கலாம். நான் அதற்காகத்தான் வாங்கினேன். மற்றபடி இது மோசமான கருவி இல்லை. வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்திவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பெட்டியில் தயாரிப்பாளர் பெயர் எதுவும் கிடையாது. இதே கருவி, இதே சாம்பல் நிற உடம்போடு, இணையக் கடைகளில் நாலைந்து பெயர்களில் பத்து வெள்ளி முன்னே பின்னே விற்கிறது. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தது. பின்மூடியைத் திறந்தால் உள்ளே ஜே305 என்ற கண்ணாடிக் குழாய், சுண்டுவிரல் தடிமன். குழாய்க்குள் வாயு, அதன் மேல் சுமார் 400 வோல்ட். கதிர் ஒன்று உள்ளே புகுந்து வாயுவை அயனியாக்கினால் ஒரு துடிப்பு, நமக்கு ஒரு 'டிக்'. அவ்வளவுதான் தொழில்நுட்பம். நான் மின்தூக்கி பராமரிப்பு வேலையில் இருப்பவன். ஒரு மீட்டர் வாங்கினால் முதலில் அதன் அளவீட்டுச் சான்றைத்தான் பார்ப்பேன். சான்று இருந்தது. அதில் இருந்த வரிசை எண்ணும் கருவியின் முதுகில் இருந்த எண்ணும் வேறு வேறு. விற்றவரிடம் கேட்டேன். "நண்பரே, கவலை வேண்டாம், எல்லாம் ஒன்றுதான்" என்று பதில் வந்தது.

ஏன் வாங்கினேன் என்பதற்கு 2011க்குப் போக வேண்டும்.

அந்த வருடம் மார்ச் 11, வெள்ளிக்கிழமை. ஜப்பானின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் 9.0 அளவில் நிலநடுக்கம், அப்புறம் சுனாமி. ஃபுகுஷிமா டாயிச்சி அணு உலையில் மின்சாரம் போய், குளிரூட்ட வழியில்லாமல், அடுத்தடுத்த நாட்களில் ஹைட்ரஜன் வெடிப்புகள். திங்கட்கிழமை மத்தியானம் என் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. பிபிசி சொன்னதாம்: ஆசிய நாடுகளுக்குக் கதிரியக்க மழை வரும், 24 மணி நேரம் வெளியே போகாதீர்கள், கழுத்தில் தைராய்டு இருக்கும் இடத்தில் பெட்டாடின் தடவுங்கள். பிபிசி அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் பிலிப்பீன்ஸில் ஒரு பல்கலைக்கழகமே அதை நம்பி வகுப்பை ரத்து செய்தது. எனக்கு அதே செய்தி மூன்று பேரிடமிருந்து வந்தது. ஒருவர் என் மேலாளர்.

என் மனைவி அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். அன்று சாயங்காலம், சிங்கப்பூரில் நாங்கள் இருக்கும் ஈசூனில் நல்ல மழை. எதிர்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா), மூங்கில் கழிகளில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை அவசர அவசரமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். நான் நனைந்துகொண்டு வீடு வந்தால், மனைவி கழுத்தெல்லாம் பழுப்பு நிறத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நான் சிரித்துவிட்டேன். "ஏங்க, உங்க வயித்துல இருந்தா சிரிப்பீங்களா?" என்றாள். அந்தத் தலையணை உறையில் கறை போகவே இல்லை.

பெட்டாடினைத் தோலில் தடவித் தைராய்டைக் காக்க முடியாது. அதற்கென்று பொட்டாசியம் அயோடைடு மாத்திரை உண்டு. அதையும் கதிரியக்க அயோடின் உண்மையிலேயே வந்து சேரும் இடத்தில் இருப்பவர்கள், அதிகாரிகள் சொல்லும்போதுதான் சாப்பிட வேண்டும். நாம் இருந்தது 5,000 கிலோமீட்டருக்கு அப்பால். ஆனால் இதெல்லாம் எனக்கும் அன்றைக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி சிரித்தேன் என்பதுதான் பன்னிரண்டு வருடத்துக்கு மேலாக வீட்டில் என் மேல் இருக்கும் வழக்கு.

அந்த மார்ச்சிலேயே சிங்கப்பூர், பாதிக்கப்பட்ட மாநிலங்களிலிருந்து வரும் காய்கறி, பழம், பால், மீன், இறைச்சியை நிறுத்திவைத்தது. பிறகு படிப்படியாகத் தளர்த்தி, ஃபுகுஷிமா உணவுக்கு மிச்சமிருந்த கட்டுப்பாட்டை 2020இல்தான் எடுத்தது. நாங்கள் எல்லாவற்றையும் மறந்துவிட்டோம். மகள் பிறந்து, வளர்ந்து, சால்மன் சுஷி என்றால் உயிரை விடுகிறவளாக ஆனாள்.

2023 ஆகஸ்ட் 24. உலையைக் குளிர்வித்த தண்ணீரைச் சுத்திகரித்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட தொட்டிகளில் சேர்த்து வைத்திருந்தார்கள். அதைக் கடலில் விட ஆரம்பித்தது அன்றைக்குத்தான். சீனா அன்றே ஜப்பானியக் கடலுணவு முழுவதையும் தடை செய்தது. தென்கொரியாவில் அதற்கு முன்பே உப்பு மூட்டைக்குச் சண்டை. 2011இலும் சீனாவில் உப்புக்கு இதே அடிதடி நடந்தது. அப்போது சொன்ன காரணம், உப்பில் அயோடின் இருக்கிறது, காப்பாற்றும் என்று. இப்போது சொன்ன காரணம், இனிமேல் வரும் கடலுப்பு நஞ்சாகிவிடும் என்று. காரணம் தலைகீழாக மாறியது, உப்பு மாறவில்லை. எங்கள் வீட்டிலும் அந்த வாரம் நாலு கிலோ உப்பு வந்து சேர்ந்தது. நான் சிரிக்கவில்லை. பாடம் படித்தவன்.

சுஷிக்குத் தடை விழுந்தது. மகளுக்கு அது பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) வருடம். "தேர்வு முடியற வரைக்கும் அது மட்டும்தாம்மா எனக்கு ஆறுதல்" என்று அழுகை. நாம் இங்கே சாப்பிடும் சுஷி சால்மனில் பெரும்பகுதி நார்வேயிலிருந்து வருகிறது, ஜப்பான் கடலையே பார்த்திருக்காது என்று சொல்லிப் பார்த்தேன். "அங்க வெட்டற கத்தி?" என்றாள் மனைவி. அன்று ராத்திரிதான் இந்தக் கருவிக்குப் பணம் கட்டினேன்.

சரி, சோதனைக்கு வருவோம். சமையலறை மேடையில் செய்தித்தாள் விரித்து, ஒரு பக்கம் சுஷி, ஒரு பக்கம் தேக்கா சந்தையில் வாங்கிய வஞ்சிரம், நடுவில் கருவி. மூன்று பேரும் சுற்றி நின்றோம். சுஷிக்கு 0.14. வஞ்சிரத்துக்கு 0.13. மீனே இல்லாமல் வெறும் மேடைக்கு 0.16. அலகு, மணிக்கு மைக்ரோசீவர்ட், அதாவது உடம்பில் படும் கதிரின் அளவு. ஒரு தடவை திடீரென்று 0.31க்குத் தாவியது, மனைவி பின்னால் நகர்ந்தாள். அதில் ஒன்றும் இல்லை. இந்தக் குழாய்க்கு எங்கள் வீட்டில் நிமிடத்துக்கு இருபது டிக்தான் கிடைக்கிறது. இவ்வளவு குறைவான எண்ணிக்கை, சும்மாவே பதினைந்துக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் ஆடும். பத்து நிமிடமாவது வைத்துச் சராசரி எடுக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தைக் கையேட்டில் போட்டிருந்தால் எத்தனையோ குடும்பங்கள் நிம்மதியாகத் தூங்கும். கையேட்டில் போட்டிருப்பது, "ஆபத்தான பொருளைக் கண்டால் உடனே மகிழ்ச்சியாக விலகவும்" என்று.

மகள் அன்றே சுஷியைச் சாப்பிட்டுவிட்டாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன், பார்த்தால் சோதனையே பொய்.

ஜப்பானில் சாதாரண உணவில் கதிரியக்கச் சீசியத்துக்கு வரம்பு, 2012 ஏப்ரலிலிருந்து, கிலோவுக்கு 100 பெக்கரல் (ஒரு பெக்கரல் என்றால் நொடிக்கு ஓர் அணு சிதைவது). ஒரு கிலோ வாழைப்பழத்தில் இயற்கையாக இருக்கும் பொட்டாசியம்-40 மட்டுமே ஏறக்குறைய அந்த அளவு. மீன் சதையிலும் அப்படித்தான். என் கருவி வாழைப்பழத்துக்கும் வெறும் மேடைக்கும் வித்தியாசம் காட்டுவதில்லை. அப்படியென்றால் வரம்பைத் தாண்டிய மீனை வைத்தாலும் அதே 0.14தான் காட்டியிருக்கும். ஆய்வகத்தில் மீனை அரைத்து, ஈயச் சுவருக்குள், குளிரவைத்த ஜெர்மானியம் உணர்வியின் மேல் நெடுநேரம் வைத்து அளக்கிறார்கள். அது வேறு உலகம், வேறு விலை.

டிரிட்டியம் கதை இன்னும் மோசம். கடலில் விடும் அந்தத் தண்ணீரில் சுத்திகரிப்பில் போகாமல் தங்குவது முக்கியமாக டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன்தான். அதைக் கடல்நீரோடு கலந்து லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்குக் கீழே கொண்டுவந்து விடுகிறார்கள். குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டு அளவே 10,000. டிரிட்டியம் விடும் பீட்டா கதிர் காற்றில் ஒரு சென்டிமீட்டர்கூடப் போகாது, கண்ணாடிக் குழாயை எங்கே துளைப்பது? டிரிட்டியம் தண்ணீரிலேயே இந்தக் கருவியை முக்கினாலும் பேசாமல் இருக்கும். (முக்க வேண்டாம், தண்ணீர் புகும்.) எதற்குப் பயந்து வாங்கினோமோ அதை மட்டும் பார்க்கத் தெரியாத கருவி. விற்பனைப் பக்கத்தில் இருந்த படம் என்ன தெரியுமா? தட்டு நிறைய மீன், பக்கத்தில் இந்தக் கருவி.

மனைவியிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது. மகளின் தேர்வு முடிந்த பிறகு சொன்னேன். "எனக்குத் தெரியும், அன்னிக்கே மேடையும் மீனும் ஒண்ணா காட்டுச்சே" என்றாள்.

டிசம்பர் விடுமுறையில் ஊருக்குக் கிளம்பினோம், திருவனந்தபுரம் வழியாகத் தக்கலை. கருவியைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். விமானம் உயரத்துக்குப் போனதும் எச்சரிக்கை மணி கீச் கீச் என்று அலற ஆரம்பித்தது. எச்சரிக்கை அளவு 0.5 என்று வைத்து அனுப்பியிருக்கிறார்கள். பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் அண்டக் கதிர் அதிகம், 1.1 காட்டியது. பக்கத்து இருக்கை அம்மா, "தம்பி, சுகர் பாக்குற மிஷினா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மணியை அணைக்க மூன்று பொத்தான்களைச் சரியான வரிசையில் அழுத்த வேண்டும். அந்த வரிசையை வீட்டிலேயே மனப்பாடம் செய்துகொண்டு ஏறுங்கள்.

தக்கலையில்தான் இந்தக் கருவி தன் விலைக்கு உழைத்தது. பரணில் பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கும், அதில் ஒளிரும் வலைத்துணியான மேண்டில் இரண்டு காகித உறையிலும் இருந்தன. பக்கத்தில் கொண்டுபோனதும் டிக் டிக் என்பது போய் ஒரே பொரியல் சத்தம். 2.8. மேண்டில் வெள்ளையாக எரிவதற்குத் தோரியம் சேர்ப்பார்கள். அந்தத் தோரியத்தின் கதையும் எங்கள் ஊர்க் கதைதான். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், எங்கள் பக்கத்திலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் உள்ள மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்தார். அதிலிருந்துதான் மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை வந்தது. அம்மாவிடம் கருவியைக் காட்டி விவரம் சொன்னேன். "இந்த வெளக்க வெச்சுத்தான் மக்களே உன்ன படிக்க வெச்சேன்" என்றார், மேண்டிலை வாங்கித் திரும்ப உறைக்குள் போட்டுக்கொண்டே.

மறுநாள் மணவாளக்குறிச்சிக் கடற்கரை. கறுப்பு மணல் திட்டின் மேல் வைத்தால் 1.9, பத்தடி தள்ளி வெள்ளை மணலில் 0.4. மகள் கருவியைப் பிடுங்கிக்கொண்டு கரை முழுக்க அலைந்தாள். எங்கே கறுப்பு அதிகமோ அங்கே சத்தம் அதிகம் என்று அவளே கண்டுபிடித்தாள். பள்ளிக்கூட அறிவியலில் கிடைக்காத அரைமணி நேரம் அது. இதற்காகவே வாங்கலாம் என்று தோன்றியது.

அன்று ராத்திரி அம்மா கேட்டார்: "மக்களே, இத கூடங்குளத்துக்குக் கொண்டு போனா என்ன காட்டும்?" எங்கள் தூரத்துச் சொந்தம் அந்தப் பக்கக் கடலோர ஊரில் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று அவர்கள் அலையைப் பார்த்தவர்கள். 2011இல் தொலைக்காட்சியில் ஜப்பானில் அதே அலை உலைக்குள் போவதைப் பார்த்தார்கள். அந்த வருடமே கூடங்குளம் அணு உலைக்கு எதிராக இடிந்தகரையில் உண்ணாவிரதம் தொடங்கியது. சிங்கப்பூரில் நண்பர்களோடு கோப்பிக் கடையில் உட்கார்ந்து, அந்தப் பயத்தையும் பெட்டாடின் பயத்தையும் நான் ஒரே பையில் போட்டுப் பேசியிருக்கிறேன். அணு உலைக்கு வெளியே நின்றால் இந்தக் கருவி மற்ற இடம் போலத்தான் காட்டும், மணவாளக்குறிச்சி மணலைவிடக் குறைவாகவே காட்டும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"அது இன்னிக்கு. அவங்க கேட்டது அந்த நாளைக்கு என்ன பண்ணுவோம்னுதானே" என்றார்.

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஃபுகுஷிமா மாநிலத்தில், வெளியேற்றப்பட்ட அலைச்சலிலும் மருத்துவம் கிடைக்காமலும் இறந்தவர்கள் இரண்டாயிரத்துக்கு மேல். அங்கே சுனாமி நேரடியாகக் கொன்றவர்களைவிட அது அதிகம். பேருந்து எங்கே வரும், படுக்கையில் கிடக்கும் கிழவியை யார் தூக்குவது என்பதற்கு எந்த மீட்டரும் டிக் அடிக்காது. இதை நான் கருவியின் குறையாக எழுதவில்லை. கருவி வாங்கியபோது என் மண்டையில் இருந்த குறை.

இனி உண்மையான குறைகள். சி வகை முனை இருபக்கமும் உள்ள கேபிளில் மின்னேற்றம் ஆகாது. பெட்டியில் வரும் குட்டையான பழைய கேபிள் தொலைந்தால் கதை முடிந்தது. எனக்கு ஐந்தாம் மாதம் தொலைந்தது, சிம் லிம் டவரில் மூன்று வெள்ளிக்கு வேறு வாங்கினேன். மின்னேற்றத் துளை இப்போது ஆடுகிறது. வெயிலில் திரை தெரியாது. மின்கலன் நன்றாக இருக்கிறது, சத்தத்தை அணைத்துவிட்டால் இரண்டு நாள் தாங்கும்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். பிள்ளைகளோடு புலாவ் ஊபின் தீவுக்குப் போய்க் கருங்கல் பாறையை அளக்க, பழைய பெட்ரோமாக்ஸ் வைத்திருக்கும் பாட்டி வீட்டுக்குப் போக, வாங்கலாம். மீனுக்கு வேண்டாம். விற்பனைப் பக்கத்தில் அந்த மீன் தட்டுப் படத்தை எடுத்தால் இன்னொரு அரை நட்சத்திரம் போடுவேன்.

கருவி இப்போது அடுக்களை இழுப்பறையில், பெட்டாடின் புட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நாலு கிலோ உப்பில் ஒரு பொட்டலம் இன்னும் பிரிக்கவில்லை.