கானா "ஆன் அரைவல்" விசா என்று காசு கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்

முந்திரி சீசனுக்கு மேற்கு ஆப்பிரிக்கா கிளம்பும் நம் பகுதிப் பிள்ளைகளுக்காகவும், அவர்களை அனுப்பிவைக்கும் வீட்டாருக்காகவும் இதை எழுதுகிறேன். கானாவுக்கு "ஆன் அரைவல்" விசா, அதாவது அங்கே போய் இறங்கிய பிறகு ஒட்டுகிற விசா, எடுத்துத் தருகிறேன் என்று சொன்ன ஒரு சென்னை ஏஜென்ட்டிடம் 1,40,000 ரூபாய் கொடுத்த என் மைத்துனர், விமான நிலைய கவுன்டரிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். போலீசில் புகார் கொடுத்திருப்பதால் ஏஜென்ட் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் அவர் செய்த வேலையை ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறேன். இதே வேலையை வேறு பெயரில் வேறு ஆட்களும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

மைத்துனருக்குப் பண்ருட்டியில் கொட்டை தரம் பார்க்கிற வேலை. மூட்டையிலிருந்து ஒரு கிலோ சாம்பிள் எடுத்து, எண்ணி, ஒவ்வொன்றாக வெட்டி, சொத்தையும் பூசணமும் தனியாகப் பிரித்து, நல்ல பருப்பை மட்டும் எடை போட்டு, 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு எண்ணை வைத்துத்தான் விலை பேசுவார்கள். நம் ஆலைகளுக்கு உள்ளூர்க் கொட்டை போதாது. கானா, ஐவரி கோஸ்ட், பெனின் என்று அங்கிருந்துதான் கப்பலில் தூத்துக்குடிக்கு வருகிறது. கை தேர்ந்த ஆள் கொள்முதல் இடத்திலேயே நின்று வெட்டிப் பார்த்தால் முதலாளிக்குப் பெரிய நஷ்டம் மிச்சம். அதனால் சீசன் தொடக்கத்திலேயே கானாவின் டெச்சிமானுக்கு இவரை அனுப்பலாம் என்று முடிவானது. விசா வேலைக்கு, தெரிந்தவர் ஒருவர் மூலம் இந்த ஏஜென்ட் வந்தார்.

வந்தவர் நன்றாகப் பேசினார். "டெல்லிக்கு அனுப்பினா இழுத்தடிப்பாங்க சார். அக்ரா இமிகிரேஷன்லயே நம்ம ஆளு இருக்காரு. ஆன் அரைவல் போட்டுடலாம், இறங்கினதும் ஸ்டாம்ப்பு." அக்ரா என்பது கானாவின் தலைநகர். விசாவுக்கு 95,000, மஞ்சள் காய்ச்சல் அட்டைக்கு 12,000, எமிகிரேஷன் கிளியரன்ஸுக்கு 18,000, ஏர்போர்ட் செட்டிங்குக்கு 15,000. இந்த நான்கில் ஒன்றுகூட உண்மையில்லை.

முதலில் விசா. கானாவில் இறங்கிய பிறகு விசா ஒட்டும் முறை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நின்று வாங்குவதல்ல அது. கானாவில் நம்மை அழைக்கிற ஆளோ நிறுவனமோ அந்நாட்டுக் குடிவரவுத் துறையில் முன்கூட்டியே விண்ணப்பித்து, ஒப்புதல் கடிதம் வாங்கி நமக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கடிதம் கையில் வந்த பிறகுதான் விமானம் ஏறவே முடியும். அவசரத்துக்கும், கானா தூதரகமே இல்லாத நாட்டுக்காரர்களுக்கும் வைத்திருக்கிற வழி அது. இந்தியாவுக்கு டெல்லி சாணக்கியபுரியில் கானா ஹைகமிஷன் இருக்கிறது. நமக்கு நேர்வழி அதுதான்.

ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம் அனுப்பினார். மேலே கானா நாட்டு முத்திரை, கீழே நீல மையில் கையெழுத்து, பார்ப்பதற்கு அசல் மாதிரியே இருக்கும். உற்றுப் பார்த்தால்தான் தெரியும்: மைத்துனரின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருக்கிற வரி மட்டும் வேறு எழுத்துருவில், மற்ற வரிகளைவிடக் கொஞ்சம் அடர்த்தியாக இருந்தது. அந்த வரியைச் சுற்றி மட்டும் காகிதத்தின் வெள்ளை வேறாகத் தெரிந்தது. யாருக்கோ வந்த கடிதத்தில் பெயரை அழித்துவிட்டு இவர் பெயரை ஏற்றியிருக்கிறார்கள். அழைக்கும் நிறுவனம் என்று போட்டிருந்தது சுரங்கத்துக்கு உதிரிபாகம் விற்கிற கம்பெனி. இவர் போவதோ முந்திரி வாங்க.

சென்னை விமான நிலையத்தில் செக்-இன் கவுன்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு விசா எங்கே என்று கேட்டார். கடிதத்தைக் கொடுத்ததும் கம்ப்யூட்டரில் பார்த்தார், சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். எந்த நாட்டுக்காரருக்கு எந்த நாட்டில் நுழைய என்னென்ன வேண்டும் என்று விமான நிறுவனங்கள் "டிமாட்டிக்" என்ற தகவல் தளத்தில் பார்ப்பார்கள். சரியான தாள் இல்லாதவரை ஏற்றிக்கொண்டு போனால் அபராதமும், திருப்பி அழைத்து வருகிற செலவும் அவர்கள் தலையில்தான் விழும். அதனால் கவுன்டரில் "செட்டிங்" என்பதெல்லாம் நடக்காத காரியம். சூப்பர்வைசர் பொறுமையாகக் கேட்டார்: "எங்க போறீங்க, என்ன வேலைக்கு?" "டெச்சிமான், முந்திரி பார்க்க." "இதுல மைனிங் கம்பெனின்னு இருக்கே?" கடிதத்தைப் படம் எடுத்து அக்ராவில் இருக்கிற தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அப்படி ஒரு ஒப்புதலே இல்லை என்று பதில் வந்தது. அன்று இரவு அந்தச் சூப்பர்வைசர் கண்டிப்பாக இருந்தது எங்களுக்கு நல்லதாகப் போயிற்று. ஏறியிருந்தால் போலிக் கடிதத்தோடு அக்ராவில் பிடிபட்டிருப்பார்.

எனக்கு அதிகம் கோபம் வந்தது மஞ்சள் அட்டை விஷயத்தில்தான். விசா போனால் பணம் போகும். இது உயிர் சம்பந்தப்பட்டது. கானாவுக்குள் நுழைய 9 மாதக் குழந்தையிலிருந்து பெரியவர் வரை எல்லாருக்கும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். ஏஜென்ட் என்ன சொன்னார் தெரியுமா? "ஊசியெல்லாம் அங்க போய்ப் பார்த்துக்கலாம். அட்டை இருந்தா போதும்." கொடுத்த அட்டையில் மும்பையில் ஊசி போட்டதாக முத்திரை. மைத்துனர் மும்பையை மிதித்ததே இல்லை.

மஞ்சள் காய்ச்சல் கொசுவால் பரவும் நோய். குணப்படுத்த தனி மருந்து கிடையாது. கடுமையான கட்டத்துக்குப் போனவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பிழைப்பதில்லை. 2021 கடைசியில் கானாவின் சவானா பகுதியில் இந்தக் காய்ச்சல் பரவி ஆட்கள் செத்திருக்கிறார்கள். முந்திரி விளைகிற போனோ பகுதிக்கு அதுதான் பக்கத்துப் பகுதி. அங்கே தோப்பிலும் குடோனிலும் நாள் முழுக்க நிற்கப் போகிற பையனை ஊசி போடாமல், வெறும் தாளைக் கையில் கொடுத்து அனுப்பப் பார்த்த மனிதரை என்னவென்று சொல்வது? 12,000 ரூபாய்க்காக!

அந்த ஊசியை அரசு மையத்தில் சில நூறு ரூபாய்க்குப் போடுகிறார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும், துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடலாம். முன்பதிவு செய்துகொண்டு, அசல் பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். ஒரு குப்பியைத் திறந்தால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டிய மருந்து. அதனால் ஆட்களைச் சேர்த்துத்தான் போடுவார்கள், நினைத்த நேரத்தில் போய் நின்றால் நடக்காது. முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 60 வயது தாண்டியவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த மருந்து. ஊசி போட்ட 10-ஆம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். நாளைக்கு ஃபிளைட் என்றால் இன்றைக்குப் போட்டுப் பயனில்லை. 2016 ஜூலைக்குப் பிறகு ஒருமுறை போட்டாலே ஆயுள் முழுவதும் செல்லும். பழைய அட்டையில் 10 வருடம் என்று இருந்தாலும் சரி, அதைக் காட்டி "காலாவதியாகிவிட்டது, புது அட்டை வாங்கு" என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

திரும்பி வரும்போதும் அந்த அட்டை வேண்டும். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லாமல் வருகிறவரை இந்திய விமான நிலையத்தில் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கச் சட்டம் இருக்கிறது. நம் ஊரில் இந்த நோய் கிடையாது. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே இருக்கிறது, அதுதான் காரணம்.

எமிகிரேஷன் கிளியரன்ஸ் என்று வாங்கிய 18,000 சுத்தமான கொள்ளை. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் "இ.சி.ஆர்" முத்திரை இருக்கும். அவர்கள் வேலைக்குப் போகும்போது இந்த அனுமதி வேண்டியது சவுதி, குவைத், மலேசியா மாதிரி 18 நாடுகளுக்கு மட்டும்தான். அந்தப் பட்டியலில் கானா இல்லை, நைஜீரியா இல்லை, ஐவரி கோஸ்ட்டும் இல்லை. மைத்துனர் பன்னிரண்டாவது தேறியவர், அவர் பாஸ்போர்ட்டில் அந்த முத்திரையே கிடையாது.

மறுநாள் போன் செய்தால் ஏஜென்ட், "ஏர்லைன்ஸ்காரன் தப்பு சார், வேற ஃபிளைட்ல அனுப்பறேன்" என்றார். அட்டையைப் பற்றிக் கேட்டதும் லைனைத் துண்டித்தார். பிறகு போன் அணைந்தே கிடந்தது. யுபிஐ ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், குரல் பதிவு எல்லாவற்றையும் வைத்து சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் பதிவு செய்தோம், காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். நீங்கள் யாராவது இப்படி மாட்டியிருந்தால் முதல் காரியமாக 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க முடியும். வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட் என்றால் மத்திய அரசின் இமைகிரேட் தளத்தில் அவர் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்றவரே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தவிர சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது.

பிறகு டெச்சிமானில் இருக்கிற முந்திரி புரோக்கரிடம் நேராகப் பேசினோம். "என்னிடம் முதலிலேயே கேட்டிருக்கலாமே அண்ணா" என்று மைத்துனரிடம் வருத்தப்பட்டாராம். அவர் அழைப்புக் கடிதம், கம்பெனிப் பதிவுச் சான்று, தன் அடையாள அட்டை நகல் அனுப்பினார். இங்கிருந்து வங்கிக் கணக்கு விவரம், முதலாளியின் கடிதம், தங்குமிடம், டிக்கெட் முன்பதிவு, ஊசிச் சான்றிதழ் எல்லாம் சேர்த்து டெல்லிக்கு அனுப்பினோம். ஏஜென்ட் வாங்கியதில் கால் பங்குகூடச் செலவாகவில்லை. பாஸ்போர்ட் விசாவோடு வந்தது. சீசனின் நல்ல பகுதி கைநழுவிப் போனதுதான் வருத்தம். முதல் பறிப்புக் கொட்டைதான் தரமாக இருக்கும்.

பக்கத்து நாடுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முந்திரி வேலைக்குப் போகிறவர்கள் ஒரு நாட்டோடு நிற்பதில்லை. ஐவரி கோஸ்ட்டுக்கு இ-விசா உண்டு. ஆனால் மெயிலில் வருவது ஒப்புதல்தான். அபிஜான் விமான நிலையத்தில் இறங்கி, கைரேகை வைத்த பிறகே விசா ஒட்டுவார்கள். கானாவின் சம்பா பக்கம் எல்லை தாண்டி ரோட்டில் போக அது உதவாது. "அந்தத் தாளே போதும், பஸ்ஸில் போயிடலாம்" என்று சொல்பவரை நம்பாதீர்கள். பெனின் இ-விசாவை அரசுத் தளத்திலேயே நாமே கார்டு போட்டு எடுக்கலாம். நைஜீரியா 2025-இல் ஆன் அரைவல் முறையை விட்டு இ-விசாவுக்கு மாறிவிட்டது. இன்னமும் லாகோஸ் ஆன் அரைவல் என்று விற்கிறவர் பழைய சரக்கைத்தான் விற்கிறார். விசிட் அல்லது பிசினஸ் விசாவில் போய் மாதக்கணக்கில் சம்பளத்துக்கு வேலை செய்யலாம் என்று சொன்னால் அதுவும் பொய். கானாவில் அதற்கு வேலை அனுமதியும் குடியிருப்பு அனுமதியும் தனியாக வேண்டும். அவை இல்லாமல் மாட்டினால் முதலாளி கையில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு அவர் சொன்னபடி கேட்க வேண்டிய நிலை வரும்.

இப்போது யாராவது கையில் இப்படி ஒரு ஒப்புதல் கடிதம் வைத்திருந்தால், டிக்கெட் போடுவதற்கு முன் அதில் அழைப்பவர் என்று இருக்கிற நிறுவனத்துக்கு நீங்களே போன் செய்யுங்கள். எண்ணை ஏஜென்ட்டிடம் வாங்காமல் நீங்களே தேடி எடுங்கள். கடிதத்தின் நகலோடு டெல்லி ஹைகமிஷனுக்கும் மெயில் போட்டுக் கேளுங்கள். பதில் வரும்வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எங்களுக்கு வந்தது போலவே சுரங்க உதிரிபாகக் கம்பெனி பெயரில் கடிதம் வந்திருந்தால் உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். எங்கள் புகாரோடு அதையும் சேர்த்து விசாரிக்க முடியும்.