ட்ரோக்காய்டல் மானோக்ரோமேட்டர்: வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

கார்பன் டெட்ராகுளோரைடின் கார்பன்-குளோரின் பிணைப்பை அறுக்கச் சுமார் 3 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வேண்டும். ஆனால் ஆற்றலே இல்லாத எலக்ட்ரானும் அதை அறுத்துவிடுகிறது. எலக்ட்ரானை ஏற்கும் குளோரின் அணு 3.6 எலக்ட்ரான்வோல்ட்டை வெளிவிடுவதால் கணக்கு நேராகிவிடுகிறது. இந்த வகை உடைப்பை அளக்க வேண்டுமானால் எலக்ட்ரான்களை ஆற்றல்வாரியாகச் சலித்துத் தரும் கருவி தேவை. சூடான டங்ஸ்டன் இழை தரும் பீம் சுமார் அரை எலக்ட்ரான்வோல்ட் அகலத்துக்குப் பரவியிருக்கும்.

ட்ரோக்காய்டல் மானோக்ரோமேட்டர் அப்படிப்பட்ட கருவி. ஸ்டாமடோவிச்சும் ஷூல்ஸும் 1968இல் வெளியிட்ட வடிவம்தான் இது. பீமின் அச்சுத் திசையில் காந்தப்புலம், அதற்குக் குறுக்கே மின்புலம். மெதுவாக வரும் எலக்ட்ரான் புலத்துக்குள் அதிக நேரம் இருப்பதால் அதிகம் விலகும். அச்சிலிருந்து தள்ளி வைத்த துளை ஒரு வேகத்தை மட்டும் வெளியே விடும். காந்தப்புலமே பீமைக் கட்டிப்பிடித்திருப்பதால் பூஜ்யத்துக்கு அருகிலும் மின்னோட்டம் சாகாது. காந்தப்புலமில்லாமல் மின்புலத்தால் மட்டும் சலிக்கும் அரைக்கோள வகையிடம் இந்த வசதி இல்லை.

தெளிவுத்திறன், அதாவது வெளிவரும் பீமின் ஆற்றல் அகலம், 100 முதல் 150 மில்லி எலக்ட்ரான்வோல்ட் வரை கிடைத்தால் திருப்தி அடையலாம். அதற்கும் கீழே இறுக்கினால் பீம் மெலிந்துவிடும்.

தலைவலி ஆற்றல் அளவுகோலில்தான். மாதிரி ஆவி மின்முனைகளில் படிந்தால் தொடு மின்னழுத்தம் (மின்முனைப் பரப்புகளின் வேறுபாட்டால் எழும் மின்னழுத்தம்) மாறும், ஆற்றலுக்கு எதிரே வரையும் அயனி எண்ணிக்கையின் உச்சி சத்தமில்லாமல் நகரும். மானோக்ரோமேட்டரைச் சுமார் 100 டிகிரி செல்சியஸில் சூடாகவே வைத்தால் படிவு குறையும். அளவீட்டுக்கு முன்னும் பின்னும் சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடை விட்டு, நிறை 146இல் வரும் எதிர் அயனியின் உச்சியை ஆற்றல் பூஜ்யமாக வையுங்கள். அந்த உச்சியின் பாதி உயர அகலம்தான் உங்கள் உண்மையான தெளிவுத்திறன். விற்பனைத்தாள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். அடுத்து கார்பன் டை ஆக்சைடு: ஆக்சிஜன் எதிர் அயனி 4.4, 8.2 எலக்ட்ரான்வோல்ட்களில் வர வேண்டும். பூஜ்யம் சரியாக இருந்து இவை மட்டும் தள்ளி நின்றால், வெறும் நகர்வு என்று நினைத்துத் திருத்தாமல் மின்னழுத்த இணைப்புகளைச் சோதியுங்கள்.

குளோரின் சேர்மங்களை ஆராய்பவர்கள் கார்பன் டெட்ராகுளோரைடை அளவுதிருத்தத்துக்குப் பயன்படுத்தவே கூடாது. அது கலனின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பிறகு எந்த மாதிரியைப் போட்டாலும் பூஜ்யத்தில் ஒரு போலி உச்சி முளைக்கும். பூஜ்யத்தில் பெரிதாகத் தெரியும் எதையும் முதலில் அழுக்கு என்றே சந்தேகிப்பது நல்லது.

அயனிகளை வெளியே இழுக்கும் புலத்தைக் கூட்டினால் எண்ணிக்கை ஏறும். ஆனால் புலம் மோதல் பகுதிக்குள் கசிந்து உச்சிகளை அகலமாக்கும். இந்த ஆசைக்குப் பலியாகாதவர்கள் குறைவு.

தண்ணீரில் 6.5 எலக்ட்ரான்வோல்ட் அருகே உருவாகும் ஹைட்ரஜன் எதிர் அயனி மிக இலேசானது. உடைப்பில் மிஞ்சும் இயக்க ஆற்றலின் பெரும்பங்கை அதுவே எடுத்துச் செல்லும், காந்தப்புலமும் அதை வளைக்கும். பாதி வழியிலேயே கணிசமான பகுதி தொலைந்துபோகும். அதனால் ஹைட்ரஜன், ஆக்சிஜன் அயனிகளின் விகிதத்தை இந்தக் கருவியில் எடுத்த எண்ணாக அப்படியே அச்சுக்கு அனுப்பக் கூடாது.

நேர் அயனிக்கென்று அமைத்த சாதாரண வாயுப் பகுப்பாய்வு குவாட்ரபோலை (அயனிகளை நிறைவாரியாகப் பிரிக்கும் கருவியை) இதோடு மாட்டிவிட்டு, எதிர் அயனி வரவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். டிடெக்டரின் முகப்பு நேர் மின்னழுத்தத்தில் இருக்க வேண்டும், துடிப்பை மின்தேக்கி வழியே எடுக்க வேண்டும். விலைப்பட்டியலில் இது பெரும்பாலும் தனி வரியாக இருக்கும். ஆர்டர் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

1 எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழே வேலை செய்பவர்களுக்கு இதைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். 5க்கு மேல் மட்டும் பார்க்கிறவர்கள், அதுவும் கோணப் பரவலை அளக்க விரும்புகிறவர்கள், காந்தப்புலமில்லாத அரைக்கோள வகையைப் பார்க்கட்டும்.