கட்டுத்தரைக்கு வாங்கிய ஃபாகர் செட்

மூலனூர் பக்கம் எங்கள் தோட்டம். கட்டுத்தரையில் இரண்டு ஜெர்சிக் கலப்பு, ஒரு காங்கேயம் பசு. போன பங்குனியில் தாராபுரத்துக் கடை ஒன்றில், தண்ணீரைப் பனி மாதிரி தூவும் இந்த ஃபாகர் செட்டை வாங்கினோம். 12 நாசில், சின்ன மோட்டார், 50 அடி குழாய், எல்லாம் சேர்த்து 5,200 ரூபாய்.

வாங்கக் காரணம் மூத்த ஜெர்சி. நாளுக்கு 11 லிட்டர் கறந்த மாடு, வெயில் ஏற ஏற 8 லிட்டருக்கு வந்துவிட்டது. மத்தியானமானால் வாயைத் திறந்து, எச்சில் ஒழுக, இடுப்பு துடிக்க மூச்சு வாங்கும். தீவனத்தை மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். மேலே சிமென்ட் அட்டை. கையை வைத்தால் சுடும்.

போட்ட அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது. எங்கள் ஊர்க் காற்றில் ஈரமே இல்லாததால் பனித்துளி தரைக்கு வருவதற்குள் காய்ந்து, கொட்டாய்க்குள் சில்லென்று ஆகிறது. அரைமணியில் மாடு அசைபோட ஆரம்பித்தது. மழைமூட்டமான நாளில் போட்டால் வெறும் புழுக்கம்தான் மிச்சம்.

பத்தாம் நாள் ஐந்து நாசில் அடைத்துக்கொண்டது. "எந்தத் தண்ணியும் விடலாங்க" என்று சொல்லித்தான் விற்றார்கள். எங்கள் போர் தண்ணீர் உப்பு. குண்டாவில் காய்ச்சினால் வெள்ளையாகப் படியும். நாசில் ஓட்டையோ ஊசிமுனை அளவு. போன் செய்தால், "பில்டர் போடலையா?" என்று என்னையே கேட்கிறார்கள். பில்டர் செட்டோடு வரவில்லை, தனியாக 650 ரூபாய். அதைப் போட்டாலும் தண்ணீரில் கரைந்த உப்பு போகாது, மண்ணும் தூசியும்தான் நிற்கும். இப்போது வாரம் ஒருமுறை நாசிலையெல்லாம் கழற்றி, எலுமிச்சைச் சாற்றில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில் பழைய பல் பிரஷால் தேய்க்கிறேன். வேலைதான்.

இன்னொன்று, இதை நாளெல்லாம் ஓடவிடக் கூடாது. அத்தை ஒருநாள் நிறுத்த மறந்துவிட்டார். தரை சொதசொதவென்று ஆகி, சாணியிலேயே படுத்து மாட்டின் மடியெல்லாம் அழுக்கு. மடிநோய் வந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் ஊசிக்குப் போகும். இப்போது 11 மணியிலிருந்து 4 மணி வரை, பத்து நிமிடம் ஓட்டி இருபது நிமிடம் நிறுத்துகிறேன்.

ஆடிக்காற்றில் வேறு கூத்து. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடித்த அடியில் பனி முழுக்கப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனது. மேற்குப் பக்கம் சாக்குப் படுதா கட்டிய பிறகுதான் உள்ளே நின்றது.

பால் 9½ லிட்டருக்கு ஏறியது. ஆனால் முழுப்பேரையும் ஃபாகருக்குக் கொடுக்க மாட்டேன். அதே வாரம்தான் அட்டை மேல் தென்னங்கீற்று பரப்பினோம், தட்டையும் புண்ணாக்கையும் விடிகாலையிலும் ராத்திரியிலும் போட ஆரம்பித்தோம். அசைபோட்டுச் செரிக்கும்போதே மாட்டின் உடம்பு சூடேறும். அது உச்சி வெயிலோடு சேரக் கூடாது. தாழியில் எந்நேரமும் தண்ணீர். கீற்றுக்கு ஆனது கீற்றுக்கூலி மட்டும். கையில் காசு குறைவென்றால் முதலில் இதையெல்லாம் செய்யுங்கள், ஃபாகர் அப்புறம்.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். நல்ல தண்ணீர் இருக்கிறவர்கள் நாலு கொடுக்கலாம். காங்கேயம் பசுவுக்கு இதெல்லாம் கணக்கே இல்லை. மோட்டார் சத்தம் கேட்டாலே கயிற்றை இழுக்கிறது. அவிழ்த்துவிட்டால் நேராக மேய்ச்சல் நிலமான கொரங்காட்டுக்குப் போய் வெள்வேல மரத்தடியில் படுத்துக்கொள்கிறது.