மஞ்சக்குப்பத்திலிருந்து கோரிமேடு வரை: ஆப் வண்டிகளில் சில வருட அனுபவம்

அப்பாவுக்குப் புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் ஆஸ்பத்திரியில் மாதாமாதம் பரிசோதனை. எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். பஸ்ஸில் புதுச்சேரி புது பஸ் ஸ்டாண்ட் போய், அங்கிருந்து கோரிமேட்டுக்கு ஆப்பில் ஆட்டோ பிடிப்பது வழக்கம். அப்பாவால் பஸ் படி ஏற முடியாத நாளில் வீட்டு வாசலிலிருந்தே ஆப் கார். சில வருடங்களாக மூன்று ஆப்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்திவிட்டேன். பெயர் சொல்லத் தேவையில்லை, மூன்றிலும் நிறைகுறை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பஸ் ஸ்டாண்ட் வாசலில் கையில் ஆஸ்பத்திரி ஃபைலோடு நின்று "ஜிப்மருக்கு எவ்வளவுண்ணே?" என்று கேட்டால், நமக்கு வேறு வழியில்லை என்பது கேட்கும்போதே தெரிந்துவிடும். ஆப் வந்த பிறகு அந்தப் பேரம் நின்றது. ஏறும் முன்பே தொகை தெரிகிறது. அதைவிடப் பெரியது பாதுகாப்பு. தங்கை முத்தியால்பேட்டையில் வேலை முடிந்து இரவில் தனியாகக் கிளம்பும்போது வண்டி நம்பர், ஓட்டுநர் பெயர், வண்டி எந்தத் தெருவில் போகிறது என்பதெல்லாம் என் போனில் தெரிகிறது. இந்த ஒன்றுக்காகவே நான் ஆப்பை விடமாட்டேன்.

ஆனால் போகப் போக நிலைமை மாறிவிட்டது. இப்போதெல்லாம் புக் செய்த உடனே போன் வருகிறது. "எங்கக்கா டிராப்பு? கேஷா, ஜிபேயா? ஆப்புல காட்டுறதுக்கு மேல அம்பது ரூபா சேத்துக் குடுத்துடுங்க." ஒத்துக்கொள்ளாவிட்டால் அவர் ரத்து செய்யமாட்டார். வண்டி மேப்பில் ஒரே இடத்தில் நிற்கும். நாமே சலித்துப்போய் ரத்து செய்தால் அதற்கான கட்டணமும் நம் தலையில் விழும். நடக்க முடியாத மனிதரை வெயிலில் நிறுத்திவைத்துக்கொண்டு, நகராத அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பது கொடுமை. புகார் எழுதினால் தானாக வரும் பதில்தான் வருகிறது. சனி, ஞாயிறு இன்னும் மோசம். வெளியூர் கார்கள் ஊருக்குள் இறங்கிவிட்டால் இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை இரண்டு இடத்திலும் வண்டி நகராது. அதே தூரத்துக்குத் தொகையும் ஏறிவிடும்.

இதற்கெல்லாம் விதி இல்லாமல் இல்லை. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது ஆப் நிறுவனங்களும் அதற்குள் வந்தன. 93-ஆவது பிரிவுப்படி அவை மாநில அரசிடம் உரிமம் வாங்க வேண்டும். 2020 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை, கூட்ட நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தில் ஒன்றரை மடங்கு வரை வாங்கலாம் என்றது. 2025 ஜூலையில் வந்த புதிய நெறிமுறை அதை இரண்டு மடங்காக்கியது. தகுந்த காரணம் இல்லாமல் ரத்து செய்பவர் பயணியானாலும் ஓட்டுநரானாலும் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய் கட்ட வேண்டும். சொந்த வண்டி ஓட்டுபவருக்கு ஓட்டக் காசில் குறைந்தது 80 சதவீதம் போக வேண்டும்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு எல்லாமே மாநில அரசு அறிவிக்கும் அடிப்படைக் கட்டணத்தை வைத்துத்தான். அது பழையதாக இருந்தால் மேலே கட்டும் கணக்கு எல்லாம் ஆட்டம் காணும். சென்னை ஆட்டோக்களுக்குத் தமிழக அரசு 2013 ஆகஸ்டில் நிர்ணயித்தது முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டிய பிறகும் அதே கணக்குதான் இருந்தது. அந்த விலைக்கு ஓட்டச் சொன்னால் யாரால் ஓட்ட முடியும்? மீட்டர் போடாததற்கு ஓட்டுநரை மட்டும் திட்டுவதை நான் விட்டுவிட்டேன். அதிகாரபூர்வமான விலை வயிற்றுக்குப் போதாதபோது அவர் பேரம் பேசத்தான் செய்வார். மீட்டர் இருந்த இடத்துக்கு ஆப் வந்தாலும் அதுவேதான் நடக்கிறது. ஒரு ஓட்டுநர் கேட்டார், "கம்பெனிக்காரனுக்கும் கொடுத்து, வண்டிக்கு கேஸும் ரொப்பி, சாயங்காலம் வீட்டுக்கு என்னக்கா எடுத்துட்டுப் போறது?" அவர் அம்பது ரூபாய் கூடுதலாகக் கேட்டவர்தான். கொடுத்தேன்.

எங்கள் பக்கத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி. விழுப்புரம் ரோட்டில் வில்லியனூர் புதுச்சேரி, கண்டமங்கலம் தமிழ்நாடு, திருபுவனையும் மதகடிப்பட்டும் திரும்பப் புதுச்சேரி, வளவனூர் மறுபடி தமிழ்நாடு. பர்மிட் வாங்கிய மாநிலம் தாண்டி ஓட்ட, அடுத்த மாநிலமும் அந்தப் பர்மிட்டில் மேலொப்பம், அதாவது ஒப்புதல் கையெழுத்து, போட வேண்டும் என்கிறது சட்டத்தின் 88-ஆவது பிரிவு. அகில இந்திய டூரிஸ்ட் பர்மிட் வைத்திருக்கும் கார்களுக்குப் பிரச்சினை இல்லை, ஆட்டோக்காரருக்கு உண்டு. கார் வந்தாலும் திரும்பக் காலியாகப் போக வேண்டும் என்று ரிட்டர்ன் காசு கேட்பார்கள். ஜிப்மருக்குக் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களிலிருந்து தினமும் எத்தனை பேர் போகிறார்கள்! அவர்களுக்காகவாவது இரண்டு அரசும் உட்கார்ந்து பேசி, எல்லையோரத்து ஆட்டோக்களுக்குப் பொதுவான பர்மிட்டும் பொதுவான கட்டணமும் வைக்கலாம். கட்டணத்தை எரிபொருள் விலையோடு சேர்த்து வருடா வருடம் மாற்றி, அந்தத் தொகையையும் ஆப்பின் தொகைக்குப் பக்கத்திலேயே காட்டச் சொல்ல வேண்டும். எவ்வளவு கூடுதல் என்பது பயணிக்கும் தெரியும், ஓட்டுநருக்கும் தெரியும்.

பைக் டாக்ஸி பற்றியும் கேட்கிறார்கள். மலிவு, நெரிசலில் சீக்கிரம் போகலாம். வெள்ளை நம்பர் போர்டு போட்ட சொந்த உபயோக வண்டிகளை அனுமதிப்பதா என்று மாநிலங்களே முடிவு செய்துகொள்ளலாம் என 2025 நெறிமுறை சொல்கிறது. சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்ஷூரன்ஸில் வாடகை ஓட்டம் சேராது. அடிபட்டால் யார் பார்ப்பார்கள் என்று தெரியாததால் நான் ஏறுவதில்லை, தங்கையையும் ஏறவிடுவதில்லை.

இப்போது டாக்டர் குறித்துக் கொடுக்கும் நாளுக்கு முந்தின இரவே, நல்லபடியாக ஓட்டும் ஒரு ஆட்டோ அண்ணனுக்குப் போன் செய்துவிடுகிறேன். அவர் முன்பு ஆப் வழியாக வந்தவர்தான். ஆப் காட்டும் தொகையைவிடக் கொஞ்சம் கூடக் கொடுக்கிறேன், சொன்ன நேரத்துக்கு பஸ் ஸ்டாண்ட் வந்துவிடுகிறார். தங்கைக்கு மட்டும் இரவில் ஆப்தான்.